மடிப்பு விழுந்த பொட்டு

கரண்டு பொறக்கிற ஊருலதான் கரண்டு அதிகமாப் போகும்னு எங்க அணைக்கட்டு ஊருல ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்கெல்லாம் வசவு வாங்கினவன் நான்தான், ஏன்னா முப்பத்தொரு வருஷம் இங்க லைன்மேன் வேலை பாத்த மாதையன் நான். எந்தக் கம்பத்துல எந்தக் கம்பி தளர்ந்திருக்கு, எந்த வீட்டு மீட்டருக்குப் பின்னாடி பல்லி முட்டை வெச்சிருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன், ஆனா செத்துப்போன வேதாசலம் சார் தினம் காலையில பத்து மணிக்கு எங்க தெருவுக்கு வந்துட்டு பன்னண்டு மணிக்குத் திரும்பிப் போனதையும், அவரு ஒரேயடியாப் போனதுல எனக்கு இருக்கிற பங்கையும் இதுவரைக்கும் யாருகிட்டயும் முழுசாச் சொன்னதில்லை.

சார் பவர்ஹவுஸ்ல கருவிகள் பிரிவுல வேலை பாத்தவரு. எண்பத்தேழுல ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினாரு. பட்டன் பலகையும் மூளையும் ஒரே டப்பாவுல, ஆர்மோனியப் பொட்டி அளவுக்கு இருக்கும். அதுலேர்ந்து ஒரு வயரு டிவிக்குப் போகும், இன்னொரு வயரு பிளாப்பி திங்கற பொட்டிக்குப் போகும், பிளாப்பின்னா கறுப்பா சதுரமா, பொரிக்காத அப்பளம் மாதிரி வளையும். ஊரெல்லாம் புதுப்புது கம்ப்யூட்டர் வந்து இது காயலான் கடைச் சாமானாப் போன பின்னாடியும் சார் அதை விடலை. அந்த வீட்டுல ஃபியூஸ் போச்சுன்னு நான் போகும்போதெல்லாம் உக்காரவெச்சுச் சொல்லுவாரு.

"மாதையா, இந்த மிஷினுக்கு ஞாபகம் கிடையாதுய்யா. கரண்டு இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு மனசு. அணைச்சா தன் பேரே மறந்துடும். காலையில நீ யாரு, உனக்குக் கண்ணு எது, காது எதுன்னு சொல்லி எழுப்பிவிட ஒரு பிளாப்பி வேணும். எல்லாப் பிளாப்பியும் எழுப்பாது. எழுப்புற எழுத்து முதல் வட்டத்துல இருக்கணும், அதைச் சும்மா காப்பி பண்ணா வராது, தனியா எழுதணும்."

நான் தலையை ஆட்டுவேன். எனக்கென்ன, வோல்ட்டேஜ் சரியா இருக்கான்னு பாத்தாப் போதும்.

அவரு சாகறதுக்கு மூணு வாரம் முன்னாடி, பங்குனி மாசம், பழைய எழுப்புற பிளாப்பி பூஞ்சை பிடிச்சு திணற ஆரம்பிச்சதுன்னு, ஆபீசுல இரவல் வாங்கின பிளாப்பியால மிஷினை எழுப்பி, அந்தப் பழசுலேர்ந்து புதுசா ஒண்ணு பண்ணாரு. அன்னைக்கும் நான் அங்கதான் இருந்தேன். சார் பட்டன் தட்டுவாரு, அவரு சம்சாரம் சௌந்தரவல்லி அக்கா பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்து பிளாப்பி மாத்தும். பதினஞ்சு வருஷமா அப்படித்தான். ஒரே பொட்டிங்கறதால ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுக்கிட்டே இருக்கணும். எழுப்பிவிட்ட பிளாப்பி உள்ள இருக்கும், சார் திரும்பிப் பாக்காம "போடு"ம்பாரு, அக்கா உள்ள இருக்கிறதை உருவிட்டு காப்பி எடுக்க வேண்டியதைச் சொருகும். மறுபடியும் "போடு", மறுபடியும் உருவிச் சொருகும். ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்துக்கறதே இல்லை, ஆனா நெல்லுக் குத்தற உலக்கை மாதிரி கை மாறி மாறி விழும்.

எல்லாம் முடிஞ்சதும் சார் பூஞ்சை பிடிச்சதைக் குப்பையில போட்டுட்டு, எழுந்து போயி கண்ணாடி ஓரத்துல அக்கா ஒட்டிவெச்சிருந்த அரக்குக் கலர் பெரிய பொட்டை உரிச்சாரு. பிளாப்பியோட ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு இருக்கும், அதுமேல பொட்டை ரெண்டா மடிச்சு, பாதி இந்தப்பக்கம் பாதி அந்தப்பக்கமா ஒட்டினாரு.

"இது எதுக்கு சார்?"

"இந்த வாயை மூடிட்டா இதுமேல எதையும் எழுத முடியாது மாதையா. படிக்கலாம், எழுத முடியாது. தப்பித்தவறி நானே அழிக்கப் பாத்தாலும் மிஷின் மாட்டேன்னுடும்."

அடுப்படியிலேர்ந்து அக்கா சத்தம் போட்டுச்சு. "கண்ணாடியில ஒரு பொட்டு இருந்தா பொறுக்காதே உங்களுக்கு!" அதுக்குக் காதுல விழுந்தது பொட்டு உரிச்ச சேதி மட்டும்தான். எதுக்குன்னு கேட்டது நான் ஒருத்தன். இதை நெனப்புல வெச்சுக்கங்க.

மூணாவது வாரம் பஸ் ஸ்டாண்டுல சோடாக்காரன்கிட்ட, "இந்த வருஷம் கோடை மழை சீக்கிரமே"ன்னு சொல்லிக்கிட்டே சரிஞ்சாரு. சீக்கிரமே வந்துடுமா, சீக்கிரமே போயிடுமா, யாருக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்துல சாரோட அக்கா தனபாக்கியம் அம்மா, கண்டிப்பான மனுஷி, சம்பிரதாயம் ஒண்ணையும் விடலை. சௌந்தரவல்லி அக்கா நெத்தியைத் துடைச்சதோட நிக்காம, கண்ணாடி, பீரோக் கதவு, குளியல் ரூம் சுவருன்னு வீடு பூரா ஒட்டியிருந்த பொட்டையெல்லாம் நகத்தால சுரண்டி எடுத்துடுச்சு. பிளாப்பியில இருந்த பொட்டு மட்டும், பிளாப்பி அதும் பொட்டிக்குள்ள இருந்ததால தப்பிச்சுது. சித்திரையில மிஷினைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாம்னு பேச்சு வந்து, ஓடுதான்னு பாத்துக் குடு மாதையான்னு கூப்பிட்டாங்க. பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். பொட்டி கர்ருபுர்ருன்னு நாலு தரம் உறுமிச்சு, டிவியில பச்சை எழுத்து வந்துச்சு, நாற்காலியில வேதாசலம் சார் உக்காந்திருந்தாரு. கை வெச்ச பனியன், காதுல பென்சில், முழங்கையைச் சொறிஞ்சுக்கிட்டே கேட்டாரு.

"மாதையா, வோல்ட்டேஜ் எவ்வளவு?"

"இருநூத்திப் பத்து சார்."

"பரவால்ல. சௌந்தரம், தமயந்திக்கு ஹால் டிக்கெட் வந்துச்சா?"

தமயந்தி அவரோட ஒரே பொண்ணு, காலேஜுல கடைசி வருஷம். அவருக்கு இன்னும் பங்குனிதான், பொட்டு ஒட்டின அந்த நாள்தான். அக்கா தூணைப் பிடிச்சுக்கிட்டு, "வந்துச்சுங்க"ன்னு சொல்லுச்சு. "ஏன் நெத்தி வெறிச்சுன்னு இருக்கு?"ன்னாரு. "இப்பத்தான் மூஞ்சி கழுவினேன்"னுச்சு. பன்னண்டு மணிக்கு மிஷின் சூடாகுதேன்னு நான் அணைச்சேன், நாற்காலி காலியாயிடுச்சு.

மறுநாள் அக்கா எனக்கு ஆள் அனுப்புச்சு. ஸ்விட்சைப் போடறதுக்கு முன்னாடி, வீட்டுல ஒரு பொட்டு இல்லையேன்னு தவிச்சுது. தாலியறுத்து மாசம் ஆகாதவ கடைக்குப் போயி பொட்டு அட்டை கேக்க முடியுமா, ஊரு வாயி சும்மா இருக்குமா? அப்பத்தான் பிளாப்பியில இருந்த பொட்டு அதுங் கண்ணுல பட்டுது. உரிச்சுது, நெத்தியில வெச்சுக்கிச்சு, நடுவுல மடிப்புக் கோடு விழுந்த பொட்டு. நான் எதிர்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு பொட்டுதானேன்னு நெனைச்சேன். மாதையா, உன் மண்டையில இடி விழ!

அன்னையிலேர்ந்து ரெண்டு வருஷம் கிட்ட, தினம் பத்து மணிக்கு சார் வருவாரு, வோல்ட்டேஜ் கேப்பாரு, ஹால் டிக்கெட் வந்துச்சான்னு கேப்பாரு, பன்னண்டுக்குப் போவாரு. முதல் மாசத்துல ஒருநாள் அக்கா மனசு கேக்காம, "நீங்க செத்துட்டீங்க"ன்னு சொல்லிடுச்சு. மனுஷன் ரெண்டு மணி நேரமும் தேம்பித் தேம்பி அழுதாரு. மறுநாள் வந்து, "ஹால் டிக்கெட் வந்துச்சா?"ன்னு சிரிச்ச முகமாக் கேட்டாரு. அணைச்சா மறக்கிற மிஷின்தானே, அவருக்கும் அதே கதிதான். அக்கா தெருவுல ஒவ்வொரு வீடா ஏறிச் சொல்லுச்சு.

"தன் சாவுச் சேதியை ஒரு மனுஷன் எத்தனை தரம் கேப்பாரு? யாரும் வாயைத் திறக்காதீங்க, உங்க கால்ல விழறேன்."

தெருவு வாயைத் திறக்கலை. நாள்காட்டி பங்குனியிலயே நின்னுச்சு, அந்தத் தேதிப் பேப்பரை பேப்பர்காரரு தினம் இஸ்திரி போட்டு எடுத்தாந்து குடுத்தாரு. ரேஷன் கார்டுல பேரை நீக்க வந்த அதிகாரி, சார் போட்ட கையெழுத்தையும் சாரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, 'ஆள் வீட்டில் இருக்கிறார், மின்சாரம் உள்ள நேரத்தில்'னு எழுதிட்டு காப்பி குடிச்சுட்டுப் போனாரு. லைனை நிறுத்தணும்னா நான் முன்கூட்டியே வந்து சொல்லிடுவேன், அக்கா சாருகிட்ட, "கண்ணை மூடிச் செத்த நேரம் படுங்களேன்"னு சொல்லி மெதுவா அணைக்கும். ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துல பொம்பளைங்க கூடி, சௌந்தரம் மஞ்சக் கயிறு மாத்தலாமா கூடாதான்னு ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. மிஷின் ஓடினா சுமங்கலி, ஓடலைன்னா இல்லைன்னு தீர்ப்பாச்சு. படித்துறையிலேர்ந்து சார் வீடு வரைக்கும் பொம்பளைங்க வரிசையா நின்னு, "ஓடுதா?"ன்னு கேக்க, "ஓடுது"ன்னு நான் கத்த, அக்கா ஆத்துத் தண்ணியில நின்னு கயிறு மாத்துச்சு. வீட்டுக்கு வந்து பன்னண்டு மணிக்கு அணைச்சுட்டு, தானே அவுத்து மடிச்சு வெச்சுது. பொட்டையும் அப்படித்தான், பத்து மணிக்கு ஒட்டிக்கும், பன்னண்டுக்கு உரிச்சு கண்ணாடியில வெச்சுடும். பசை போயிட்டதால சோத்துப் பருக்கையைத் தேச்சு ஒட்டிக்கும். புதுசு வாங்கிக்கக் கூடாதான்னு என் சம்சாரம் கேட்டதுக்கு, "இது அவரு கை பட்டது"ன்னுச்சு.

தை மாசம் தமயந்தி கல்யாணம், வீட்டு வாசல்லயே பந்தல். அப்பா உள்ள இருக்கணும்னு புள்ள அழுதுச்சு. முகூர்த்த நேரத்துல மிஷினைப் போட்டு, கதவைச் சாத்தி, துணைக்கு என்னை உள்ள உக்காரவெச்சாங்க.

"மேளம் அருமையா வாசிக்கிறான்யா. யாரு வீட்டுக் கல்யாணம்?"

"கடைசி வீட்டுல சார்."

"பொண்ணு எப்படி?"

"தங்கமான பொண்ணு சார்."

"நல்லா இருக்கட்டும்"னு கையைத் தூக்கிச் சொல்லிட்டு, மறுபடியும் பட்டனைத் தட்ட ஆரம்பிச்சாரு. நான் கதவைத் திறந்து ஓடிப்போயி மணவறையில தமயந்தி காதுல, "அப்பா நல்லா இருக்கட்டும்னாரு கண்ணு"ன்னு சொன்னேன். அந்த நிமிஷம்தான் தாலி ஏறுச்சு.

அடுத்த ஐப்பசியில தமயந்திக்குக் கொழந்தை பொறந்துச்சு. அதே ஐப்பசியிலதான் பிளாப்பி தேய ஆரம்பிச்சதும் தெரிஞ்சுது. பொட்டி நாலு தரம் உறுமறது போயி நாப்பது தரம் உறுமும். சார் ஒருநாள் செருப்பில்லாம வந்தாரு, ஒருநாள் பேச்சு பாதியில நின்னு நின்னு வந்துச்சு. மார்கழியில ஒருநாள் அக்காவையே ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு, "அம்மா, நீங்க யாரைப் பாக்க வந்தீங்க?"ன்னாரு. பொட்டி கர்ருன்னு திரும்ப உறுமிச்சு, "அட, சௌந்தரமா"ன்னு சிரிச்சாரு. அக்கா அடுப்படிக்குப் போயி முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதுச்சு.

வேற பிளாப்பி இருந்தாத்தான் பொழைக்கும்னு ஆச்சு. அந்த அளவு பிளாப்பி கடையில இல்லாமப்போயி எத்தனையோ காலம். நான் மூணு ஞாயித்துக்கிழமை சேலத்துல அலைஞ்சு, மூடிப்போன ஒரு கம்ப்யூட்டர் சொல்லித்தர்ற இடத்துல, கரையான் அரிச்ச பீரோவுலேர்ந்து ஒண்ணே ஒண்ணு வாங்கியாந்தேன். கொழந்தையோட வந்திருந்த தமயந்தி பழசுல இருந்ததையெல்லாம் அதுல காப்பி பண்ணி, புதுசைப் போட்டு எழுப்பிப் பாத்துச்சு. டிவியில எழுத்து வரலை. நாற்காலியில சாரோட மூக்குக்கண்ணாடி இருந்துச்சு, பென்சில் இருந்துச்சு, பனியன் மடிச்ச மடிப்புக் கலையாம இருந்துச்சு, அவரு தலைக்கு வெக்கிற எண்ணெய் வாசம்கூட வந்துச்சு. சாரு வரலை.

"இருக்கிறதெல்லாம் வந்துடுச்சும்மா. எழுப்புறதுதான் வரலை. அது எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியலை"ன்னு தமயந்தி சொல்லுச்சு.

தெரிஞ்ச ஆளு உலகத்துலயே ஒருத்தருதான். அக்கா அவருகிட்டயே கேட்டுச்சு. "ஏங்க, இந்தப் பிளாப்பி தேயற மாதிரி இருக்கு, இன்னொண்ணு போட்டுவெச்சுக்கலாமா?"

"இப்பத்தானே பண்ணினோம்! சரி, எடுத்தா, போட்டுடுவோம்"னு உற்சாகமா கையை உதறிக்கிட்டாரு. தன்னையே எடுத்து இன்னொண்ணுல வெக்கச் சொல்றாங்கன்னு தெரியாம மனுஷன் விசிலடிச்சாரு. மாசி மாசம், வியாழக்கிழமை, காலையில பத்தரை மணி. கரண்டு ஆடக் கூடாதேன்னு நான் மீட்டரையே பாத்துக்கிட்டு நின்னேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி தமயந்தி கொழந்தை வாயைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. புதுப் பிளாப்பியை முதல்ல உழுது பாத்தி கட்டற மாதிரி சுத்தமாத் தயார் பண்ணாரு. அப்புறம் எழுப்புற பிளாப்பியைத் திரும்ப உள்ள போட்டு, எழுத வேண்டிய கட்டளையைத் தட்டி, திரும்பிப் பாக்காம சொன்னாரு.

"போடு."

அக்கா கை பதினஞ்சு வருஷமாச் செஞ்சதைச் செஞ்சுது. உள்ள இருந்ததை உருவிட்டு அடுத்ததைச் சொருகுச்சு. முன்னையெல்லாம் எழுப்புறது ஒண்ணா இருக்கும், காப்பி எடுக்க வேண்டியது வேறயா இருக்கும். இன்னைக்கு ரெண்டும் ஒண்ணே, முதல் 'போடு'க்கு மட்டும் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். அது அக்காவுக்குத் தெரியாது, சாருக்கோ அக்கா கைமேல சந்தேகமே வந்ததில்லை. போடு, போடு, போடு. பதினோரு தரம் மாத்துனாங்க, பழைய உலக்கை பழைய உரல்ல விழற மாதிரி ஒரு தப்பில்லாம மாத்துனாங்க. புதுசுல இருந்த வெறுமையைப் படிச்சு மிஷின் பழசுல எழுதிக்கிட்டே இருந்துச்சு.

"முடிஞ்சுது. பழசைப் போடு, சரி பாத்துடலாம்."

போட்டுச்சு. டிவியில ஒரு பேரும் வரலை. புதுசைப் போடச் சொன்னாரு, அதுலயும் இல்லை. கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாரு, புரிஞ்சுது. "மாத்திப் போட்டுட்டே சௌந்தரம். அப்படிப் போட்டாலும் எழுதாதே, பொட்டு இருக்குமே"ன்னு பிளாப்பியை உருவித் திருப்பினாரு. ஓரத்துல வெட்டு மட்டும் இருந்துச்சு. அப்புறம்தான் தலையைத் தூக்கி அக்கா நெத்தியைப் பாத்தாரு. நடுவுல மடிப்புக் கோடு.

படிக்கலாம், எழுத முடியாதுன்னு அவரு எங்கிட்டச் சொன்னது அப்பத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

"வீட்டுல வேற பொட்டே இல்லையா?"ன்னாரு சார். அக்கா இல்லைன்னு தலையை ஆட்டுச்சு. வீட்டுல ஒரு பொட்டுகூட இல்லாமப் போறது எப்பன்னு அவருக்குத் தெரியாதா? "எப்பலேர்ந்து?"ன்னாரு.

"ரெண்டு வருஷம் ஆகப்போகுதுங்க."

அழலை மனுஷன். பிளாப்பியை மேசைமேல நேராக்கி வெச்சாரு. "தமயந்தி?"

கதவுக்குப் பின்னாடியிருந்து புள்ள வெளிய வந்துச்சு, கழுத்துல தாலி, இடுப்புல கொழந்தை. அப்பன் மக முகத்தைப் பாத்தாரு, தாலியைப் பாத்தாரு, "மேளம் நல்லா வாசிச்சிருப்பானே"ன்னாரு. தமயந்தி அங்கயே உக்காந்து ஓன்னு அழுதுச்சு.

அவரைத் திரும்ப எழுப்ப இனி ஒண்ணுமில்லை. கரண்டு இருக்கிற வரைக்கும் மிஷின் மனசுல இருப்பாரு, அவ்வளவுதான். இருக்கிறதை அப்படியே பிளாப்பியில எழுதிக்க முடியாதாப்பான்னு தமயந்தி கேட்டதுக்கு, "எழுப்பிவிட்டதும் எழுப்புற எழுத்து மனசுலேர்ந்து போயிடும் கண்ணு, ஏறி வந்த ஏணியைக் கீழயே விட்டுட்டேன்"னாரு. அக்கா என் கையைப் பிடிச்சுது. "மாதையா, கரண்டை விட்டுடாதே."

விடலை. மாசப் பராமரிப்புக்கு எங்க பக்கம் லைனை நிறுத்தற நாள்ல, நான் அடுத்த தெரு டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து தனியா ஒரு கம்பி இழுத்தேன். பதினோரு நாள். தெருவுல ஒருத்தரும் அயர்ன் பாக்ஸ் போடலை, கிரைண்டர் போடலை, மோட்டார் போடலை, லோடு ஏறிடுமேன்னு அம்மியில அரைச்சாங்க. மிஷின் சூட்டுக்கு வீடு வீடா டேபிள் ஃபேன் வந்து நின்னுச்சு, ஈரத்துணி மாத்த முறை போட்டுக்கிட்டாங்க. முதல் தடவையா சாருக்கு நேத்துன்னு ஒண்ணு இருந்துச்சு. பேரனுக்குப் பேரு கேட்டாரு, அடுத்த நாளும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு, அதுக்கே அக்கா பூரிச்சுப்போச்சு. ரெண்டு வருஷத்துப் பேப்பரையும் படிச்சாரு. ரெண்டு பேரும் பழைய சண்டையையெல்லாம் தூசு தட்டி எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. தனபாக்கியம் அம்மா வந்து தம்பி காலடியில உக்காந்து, வந்த நாள்லேர்ந்து கடைசி நாள் வரைக்கும் அவரு பாதத்தைப் பிடிச்சுவிட்டுச்சு.

பதினோராம் நாள் காலையில மிஷின்லேர்ந்து தீஞ்ச வாடை வந்துச்சு. சார் மோந்து பாத்தாரு.

"உள்ள கம்பிச் சுருள் கருகுது. இன்னைக்குத் தாங்காது. சௌந்தரம், அதுவாப் போனா நடுப்பேச்சுல போயிடுவேன். போன தடவை அப்படித்தானே போனேன்? இந்தத் தடவை சொல்லிட்டுப் போறேன். ஒரு பருக்கைச் சோறு எடுத்துட்டு வா."

அக்கா கிண்ணத்துல கொண்டாந்துச்சு. சார் அக்கா நெத்தியிலேர்ந்து பொட்டை உரிச்சாரு. தனபாக்கியம் அம்மா முகத்தைத் திருப்பிக்கிச்சு. சார் பருக்கையை விரலால நசுக்கி, பொட்டுக்குப் பின்னாடி தேச்சு, சரியா நடு நெத்தியில வெச்சு, கட்டைவிரலால ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சாரு.

"பிளாப்பியில இல்லாமப் போனா என்ன, நான் இருக்கிறது உங்கிட்ட இருக்கு. இதை எடுக்காதே. இனி உம்மேல யாரும் எதையும் எழுத முடியாது. படிச்சுக்கிட்டே இரு." அப்புறம் என்னைப் பாத்தாரு. "மாதையா, வோல்ட்டேஜ் எவ்வளவு?"

"இருநூத்திப் பத்து சார்."

"பரவால்ல. அணை சௌந்தரம்."

அக்கா அணைச்சுது.

அவரு அன்புலதான் சொன்னாரு, அதுல எனக்குச் சந்தேகமில்லை. ஆனா அவரு கை ஒட்டினா ஒட்டினதுதான்னு அவருக்கே தெரியலை. மறுநாள் நான் போனப்ப அக்கா மிஷின் பக்கத்துல அதே முக்காலியில உக்காந்திருந்துச்சு. "மாதையா, இப்பத்தான் அணைச்சேன்"னு சொல்லுச்சு. "அது நேத்து, அக்கா"ன்னேன். விழிச்சுது, அப்பத்தான் முதல் தடவை கேக்கற மாதிரி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அதுக்கு மறுநாளும், "இப்பத்தான் அணைச்சேன்". சாரோட வாழ்ந்த ஒவ்வொரு நாளும் அதுக்கு மனப்பாடம், எந்த வருஷம் எந்தப் பண்டிகைக்கு என்ன புடவைன்னு சொல்லும். அந்தப் பதினோராம் நாள் அணைச்சதுக்கு மேல ஒரு எழுத்துகூட அதும்மேல ஏறலை.

தமயந்தி ஒருநாள் பொறுக்க முடியாம பொட்டை உரிச்சுடறேன்னு கையை நீட்டிச்சு. உரிச்சா அம்மா பேரனைத் தெரிஞ்சுக்கும், இன்னைக்குத் தேதியைத் தெரிஞ்சுக்கும். ஆனா புதுசு ஏற ஏற பழசு எங்கெல்லாம் அழியும்னு யாரு கண்டா? கையைப் பிடிச்சது தனபாக்கியம் அம்மாதான், வீடு பூரா பொட்டைச் சுரண்டின அதே கை.

"விடுடி. உங்கப்பன் ஒட்டினது."

எங்க தெருவுக்கு இதெல்லாம் புதுசா என்ன? நாள்காட்டி இப்ப மாசியில நிக்குது, பேப்பர்காரரோட மகன் அந்தத் தேதிப் பேப்பரை இஸ்திரி போட்டு எடுத்தாறான். அக்காவுக்குத் தலை நரைச்சு, பேரன் மீசை வெச்சுட்டான். அந்தப் பையன் தினம் சாயங்காலம் வந்து, "நான் தமயந்தியோட மகன்"னு முதல்லேர்ந்து சொல்றான். பருக்கை காஞ்சு கல்லாயிடுச்சு, பொட்டு அசையலை.

நான் ரிட்டையர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு, இருந்தாலும் காலையில அந்த வீட்டுக்குப் போகாம எனக்குப் பொழுது விடியாது. போன உடனே அக்கா என் கையைப் பிடிச்சு, துரு ஏறி செத்துக்கிடக்கிற மிஷின்மேல வெக்கும்.

"மாதையா, இப்பத்தான் அணைச்சேன். சூடு இன்னும் ஆறலை பாரு."

அது ஆத்துக் கல்லு மாதிரி ஜில்லுன்னு இருக்கும்.

"ஆமாக்கா, சுடுது"ம்பேன்.